வரி நோட்டிலிருந்து தொடங்குங்கள்: வம்சாவளிக் குழுவினருக்குச் சில ஆலோசனைகள்

கேள்வி: காங்கயத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாகப் பத்துப் பேர் சேர்ந்து வம்சாவளிக் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். அப்பாருக்கு (தந்தைவழித் தாத்தாவுக்கு) அப்பாரு பெயரைத் தாண்டி எங்களில் எவருக்கும் தெரியவில்லை. எந்த ஆவணங்களை எங்கே தேடுவது, குழுவாக நாங்கள் செய்ய வேண்டிய வேலைகள் எவை என்பதை விளக்க வேண்டுகிறோம்.

பதில்: இப்படிக் கூடும் பலரும் முதல் மாதமே சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசரமில்லை, அங்குள்ள காகிதங்களைப் பாதுகாக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஓட்டு வீட்டு அட்டாழியில் (பரணில்) கிடக்கும் நோட்டுகளைத்தான் பாதுகாக்க ஆளில்லை. ஆகையால் உங்கள் குழுவின் முதல் வேலை, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டுகளைத் தேடிப் படியெடுப்பதாக இருக்கட்டும்.

திருமணமான ஆண் ஒருவரை ஒரு தலைக்கட்டாகக் கணக்கிட்டுக் கோயில் வரி வசூலிப்பது பல கோயில்களில் இருந்துவரும் வழக்கம். ஒரு நோட்டில் இல்லாத பெயர் அடுத்த நோட்டில் புதிதாக வந்தால், அந்த இடைவெளியில் அவருக்குத் திருமணம் நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஒரு பெயர் மறைந்து அதே இடத்தில் மகன்களின் பெயர்கள் வந்தால், தகப்பனாரின் காலம் முடிந்ததை ஏறக்குறைய வரையறுத்துக்கொள்ளலாம். கும்பாபிஷேகம் நடந்த ஆண்டின் நோட்டு கிடைத்தால் அதைப் பெரும்பேறாகக் கருதுங்கள். வெளியூருக்குக் குடிபெயர்ந்த பங்காளிகளையும் தேடிப்போய் வசூலித்திருப்பார்கள் என்பதால், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதும் அதில் இருக்க வாய்ப்புண்டு. இந்த நோட்டுகள் கோயிலில் இருப்பதைவிட, முன்பு நிர்வாகம் பார்த்தவர்களின் வீடுகளில் இருப்பதே அதிகம்.

வரி நோட்டில் பெண்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். அந்தக் குறையை நிரப்புவது மொய் நோட்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எழுதப்பட்ட மொய்யில் பெயரும் ஊரும் தொகையும் வரிசையாக இருக்கும். எந்த ஊரிலிருந்து பெரிய மொய் வந்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்த வீட்டுப் பெண்ணின் பிறந்த ஊர் எதுவாக இருக்கும் என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். பிறகு வயதான அம்மாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒரே கூட்டத்தார் (ஒரே குலப் பிரிவினர்) பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது என்பது கொங்கு வேளாளரின் கட்டுப்பாடு. அதனால் ஒருத்தியின் பெயர் மறந்துபோன வீட்டிலும் அவள் ‘இன்ன கூட்டத்துப் பெண்’ என்பது மறக்காமல் இருக்கும். கேட்கும்போது உறவுச் சொற்களை அப்படியே எழுதுங்கள். ‘தாத்தா’ என்று பொதுவாக எழுதிவிட்டால் அது அப்பாருவா அப்புச்சியா (தாய்வழித் தாத்தாவா) என்பது பின்னால் தெரியாது. ஒரு சொல்லில் தகப்பன் வழி தாய் வழியாகிவிடும்.

பெரியவர்கள் ஆண்டைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ‘தாது வருஷம்’ என்பது 1876–77 ஆகவும் இருக்கலாம், 1936–37 ஆகவும் இருக்கலாம். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சேர்த்துச் சொன்னால் அது கோவை, சேலம் மாவட்டங்களையும் வாட்டிய 1876–78 பெரும் பஞ்சம்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம். எனவே ஆண்டின் பெயரைக் கேட்டதும், அப்போது நடந்த வேறொரு நிகழ்ச்சியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் காகிதங்களை முடித்த பிறகு சார்பதிவாளர் அலுவலகம். ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்க விவரம் பெரும்பாலும் 1975 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு நேரில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரமே வம்சாவளிக்கு உதவும். மூதாதையர் சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைச் சொல்லித் தொடங்குவதால், ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைப்பதுண்டு. உயில் வில்லங்கத்தில் வராது என்பதைப் பலர் அறியாமல் தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். பதிவு செய்த உயில்களுக்குத் தனிப் புத்தகமும் தனி அட்டவணையும் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகு மனுச் செய்யும் எவருக்கும் அதன் நகல் தரப்பட வேண்டும்.

வருவாய்த் துறைப் பதிவேடுகளில் தேடும்போது இரண்டு முறிவுகளை நினைவில் வையுங்கள். 1980இல், ஊர் நிலக் கணக்கை எழுதிவந்த கணக்குப்பிள்ளைப் பதவி ஒழிக்கப்பட்டது. ஊரின் நிலவரத்தைத் தலைமுறையாக அறிந்திருந்த குடும்பங்கள் அத்துடன் விலகின. 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த யூடிஆர் (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பணியில் பட்டா எண்களும் உட்பிரிவுகளும் மாறின. ஆகவே இன்றைய எண்ணை வைத்துப் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டில் நேரடியாகத் தேட முடியாது. இரண்டுக்கும் பொருத்தம் பார்த்த பிறகே தேட வேண்டும். மாவட்ட எல்லைகளும் இப்படித்தான். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று வீடு மாறாமலேயே கோவை மாவட்டத்திலும், 1979 முதல் ஈரோடு (தொடக்கத்தில் பெரியார் என்று பெயர்) மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் இருந்திருக்கிறது. கரூர் 1910 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது; கொள்ளேகால் 1956இல் மைசூருக்குப் போனது. பெண் கொடுத்த ஊர்கள் அந்தப் பக்கம் இருந்தால், தேட வேண்டிய அலுவலகம் வேறாகிவிடும்.

இதுவரை சொன்ன பத்திரங்களும் பட்டாவும் நிலமுள்ளவர்களுக்கே பயன்படும். உங்கள் ஊரில் நிலமில்லாத குடும்பங்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதுவது ஊரின் வம்சாவளி ஆகாது என்பது என் உறுதியான கருத்து. தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அவர்களுக்குக் கைகொடுக்கும். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒரே வரியில் இருக்கும். தலைமையாசிரியரின் அனுமதியோடு பழையவற்றைப் பார்க்கலாம். கிறித்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு.

கொங்கு நாட்டு வம்சாவளியில் வழுக்கிவிடும் இடம் பெயர்தான். அப்பாருவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று நாச்சிமுத்துக் கவுண்டர்கள் இருப்பார்கள். என் குடும்பத்திலேயே பெரிய தகப்பனாரையும் அவருடைய பேரனையும் ஒரே ஆளாக எழுதி, இரண்டு தலைமுறையைத் தொலைத்திருந்தேன். வேறொரு பத்திரத்தில் இருவரின் தகப்பனார் பெயரையும் பார்த்த பிறகே தெளிந்தது. தகப்பனார் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் எவரையும் வரைபடத்தில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அது எந்த நோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அல்லது யார் எந்தத் தேதியில் சொன்னது என்பதை எழுதுங்கள்.

மாதக் கூட்டத்தைப் பேச்சாக முடித்துவிடாமல் வேலைநாளாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் நோட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கட்டும்; இருவர் பழைய கையெழுத்தைப் படித்துப் பெயர்த்தெழுதட்டும்; ஒருவர் வாங்கியதற்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் கையெழுத்துப் பதிவேடு வைக்கட்டும். வாங்கிய நோட்டை அன்றே திருப்பிக் கொடுக்கும் குழுவைத்தான் அடுத்த வீடு நம்பும். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டவோ, லேமினேஷன் செய்யவோ வேண்டாம். இரண்டும் தாளைக் கெடுக்கும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் ஜாதகத்தையும் வெளியில் பகிராதீர்கள். தத்து, இளையதாரம் போன்ற செய்திகளை அந்தக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் எழுதாதீர்கள்.

செப்பேடுகளும் பட்டயங்களும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலுள்ள, காலின் மெக்கன்சி என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய சுவடிகளும் அரியவை. ஆனால் அவை பட்டக்காரர் (பட்டம் பெற்ற தலைவர்), பாளையக்காரர், காணியாளர் (பரம்பரை நில உரிமையாளர்) வரலாற்றைச் சொல்பவை. உங்கள் முப்பாட்டனாருக்கும் அவற்றுக்கும் இடையே பல தலைமுறைகள் வெறுமையாக இருக்கும்போது, பட்டயத்தில் உள்ள பெயரை எடுத்து ஒட்டவைப்பது பிழை. கீழிருந்து மேலாக, ஆதாரம் உள்ள வரை ஏறுங்கள். ஆதாரம் நிற்கும் இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.

அடுத்த கோயில் பொங்கலுக்கு, இதுவரை வரைந்த படத்தைப் பெரிய தாளில் பென்சிலால் எழுதிக் கோயில் திண்ணையில் விரித்து வையுங்கள். வருகிற பெரியவர்கள் தாங்களாகவே குனிந்து பார்த்துத் தவறான இடங்களைச் சொல்வார்கள். பக்கத்தில் ரப்பரோடு ஒருவரும், சொல்பவரின் பெயரை எழுத ஒருவரும் உட்கார்ந்திருக்கட்டும்.