பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களும் இன்றைய சிறு ரோட்ஸ்டர்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஏறத்தாழ ஒரே விலையில் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி (பிரித்தானிய எம்ஜி நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றும், பத்து வயதான ஜப்பானிய ரோட்ஸ்டர் (கூரையைத் திறக்கக்கூடிய இரு இருக்கைக் கார்) மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றும் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் வசிக்கிறேன். எதை வாங்குவது?

வாரத்தில் ஐந்து நாள் அந்தக் காரிலேயே வேலைக்குச் செல்ல வேண்டுமென்றால் மாஸ்டாவை வாங்குங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஞாயிறு காலையில் கையில் ஸ்பானருடன் ஒரு மணி நேரம் செலவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் கிராமத்துச் சாலைகளில் ஓட்டுவதுதான் உங்கள் விருப்பமென்றால், எம்ஜிபியைவிட நல்ல பழைய கார் கிடைப்பது அரிது. 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஆலையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிக்கள் உருவாயின. அதனால் அதன் உதிரிபாகங்களில் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் அதன் முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளைக் கொண்டு மீண்டும் செய்து விற்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த வேறு எந்தக் காருக்கும் இவ்வளவு ஆதரவு இருப்பதாக நான் கண்டதில்லை.

கேள்வி: எம்எக்ஸ்-5 என்பது லோட்டஸ் எலானின் நகல்தானே?

நகல் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். 1962-இல் வந்த எலான், பிரித்தானிய லோட்டஸ் நிறுவனத்தின் சிறு ஸ்போர்ட்ஸ் கார்; நடுவில் முதுகெலும்பு போல ஓடும் இரும்புச் சட்டத்தின் மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்திய கார். தொடக்கக் காலக் கார்கள் 700 கிலோவுக்கும் குறைவான எடை கொண்டவை. அதன் திசைதிருப்பும் நேர்த்தியை எட்டிய கார்கள் இன்றும் குறைவு. மாஸ்டாவின் பொறியாளர்கள் அதைக் கூர்ந்து படித்தார்கள் என்பது உண்மை, முதல் எம்எக்ஸ்-5-இன் முகத்தைப் பார்த்தாலே அது தெரியும். ஆனால் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காரில் எஃகு உடல், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் அமைப்பு), கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பாகம்) இறுக இணைக்கும் ஓர் அலுமினியச் சட்டம் எனக் கட்டுமானம் முற்றிலும் வேறு. அந்தச் சட்டம் இருப்பதால்தான் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இடையில் எந்தத் தொய்வும் இல்லாமல் பின்சக்கரம் பதில் சொல்கிறது. எலானிடமிருந்து மாஸ்டா கற்றது வடிவத்தை மட்டுமன்று. எடை குறைவாக இருந்தால் சக்தி குறைவாக இருப்பது ஒரு குறையே அன்று என்ற கொள்கையை. பிரித்தானிய ஆலைகள் அந்தக் கொள்கையைக் கைவிட்ட காலத்தில் மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவில் சிலர் அதைக் கையில் எடுத்துக் காப்பாற்றினார்கள் என்றே நான் கருதுகிறேன். 2016-இல் பத்து இலட்சமாவது எம்எக்ஸ்-5 அங்கிருந்து வெளிவந்தது.

கேள்வி: பழைய கார் உண்மையில் மெதுவானது, ஆனாலும் ஓட்டும்போது வேகமாகத் தோன்றுவது ஏன்?

எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் சுமார் 95 குதிரைத்திறன் தந்தது. இன்றைய இரண்டு லிட்டர் எம்எக்ஸ்-5 தருவது 184. வித்தியாசம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் வேகத்தை நாம் அளவுமானியில் உணர்வதில்லை, உடலில்தான் உணர்கிறோம். எம்ஜிபியில் நீங்கள் தரைக்கு மிக அருகில் அமர்கிறீர்கள், கதவின் மேல்விளிம்பு முழங்கை உயரத்தில்தான் இருக்கிறது, ஒல்லியான டயர்களின் பிடிப்பு குறைவு, பவர் உதவி இல்லாத ஸ்டீயரிங் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்கிறது. மணிக்கு 50 மைலிலேயே ஒரு வளைவை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. புதிய காரில் அதே சிந்தனை தேவைப்படும்போது வேகம் பெரும்பாலும் சட்ட வரம்பைத் தாண்டிவிட்டிருக்கும். பழைய காரின் பக்கம் எனக்கிருக்கும் வலுவான வாதம் இதுதான்: அதன் முழுத் திறனையும் பொதுச் சாலையில், யாருக்கும் ஆபத்தில்லாமல், சட்டத்துக்குள் நின்று அனுபவிக்க முடியும்.

கேள்வி: இன்னொரு பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபையர் வளைவில் கவிழும் என்கிறார்களே?

1970-க்கு முந்தைய ஸ்பிட்ஃபையரில் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் பொருத்தப்பட்டிருந்தன. வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். அப்போது பிடிப்பு போய்விடும். 1970-இல் வந்த நான்காம் பதிப்பில் இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். வாங்குவதானால் அதையோ அதற்குப் பிந்தையதையோ வாங்குங்கள்.

கேள்வி: எம்ஜிபியைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைச் சோதிப்பது?

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். புகைவிடும் எஞ்சினை ஒரு வாரத்தில் பிரித்துக் கோர்த்துவிடலாம். துருப்பிடித்த உடலோ சேமிப்பையே விழுங்கிவிடும். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்கடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற தகடுகளே காரைத் தாங்குகின்றன. ஆகவே விற்பவரின் அனுமதியுடன் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை உயர்த்தி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினாலோ இடைவெளி சுருங்கினாலோ அந்தத் தகடுகள் உள்ளிருந்து அரித்துப் போயிருக்கின்றன. ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள்: பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. பெயின்ட் பளபளக்கும் காரில்தான் இந்தச் சோதனையை மிகுந்த பொறுமையுடன் செய்ய வேண்டும்.

கேள்வி: கறுப்பு ரப்பர் பம்பர் உள்ள எம்ஜிபி மலிவாகக் கிடைக்கிறது. அது தாழ்ந்ததா?

அமெரிக்க விதிகளுக்காக 1974-இன் பிற்பகுதியில் அந்தப் பம்பர்கள் வந்தன; கூடவே காரின் உயரத்தையும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டினார்கள். அதனால் வளைவில் கூடுதலாகச் சாய்கிறது. உடல் திடமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். உயரத்தைப் பழைய அளவுக்கு இறக்கப் பாகங்கள் கிடைக்கின்றன.

கேள்வி: மின்சாரக் கோளாறுகளைப் பற்றி எல்லோரும் அச்சுறுத்துகிறார்கள்.

பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் எர்த் இணைப்பில் (மின்சாரம் காரின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) படிந்த துரு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்து மீண்டும் இறுக்குங்கள். 1967-க்கு முந்தைய எம்ஜிபியில் பாசிட்டிவ் முனையே எர்த் என்பதை மறந்து நவீன ரேடியோவை இணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: 2021 முதல் வந்த இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த) பெட்ரோலை எம்ஜிபியில் ஊற்றலாமா?

வேண்டாம். அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரித்துக் கசியச் செய்யும். கசிவு சூடான எஞ்சின்மேல் விழுந்தால் தீப்பிடிக்கலாம். எத்தனால் குறைவான சூப்பர் வகையான இ5-ஐ ஊற்றுங்கள், குழாய்களையும் எப்படியும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எம்எக்ஸ்-5-க்குத் துருத் தொல்லையே இல்லையா?

உண்டு. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு ஜப்பானியக் காரென்று விட்டுவைப்பதில்லை. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்கடியில் உள்ள பகுதியே அதற்கும் பலவீனமான இடம். கூரைத் துணியிலிருந்து நீர் வடியும் துளைகள் சருகால் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கி அங்கேதான் அரிக்கத் தொடங்கும். இலையுதிர் காலம் முடிந்ததும் வளையக்கூடிய ஒரு மெல்லிய குழாயை அந்தத் துளைகளில் மெதுவாகச் செலுத்திச் சுத்தம் செய்து, ஒரு குவளை நீரை ஊற்றி அது காருக்கடியில் வெளியேறுகிறதா என்று பாருங்கள்.