துராமின் 46-ஆவது நிமிடம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது. பள்ளிக் கால்பந்து அணியில் ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாளர். 1998 உலகக்கோப்பை அரையிறுதியில் லிலியன் துராம் போட்ட இரண்டு கோல்களையும் அவனுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன். பிரான்சுக்காக 142 ஆட்டங்கள் ஆடியவர், மொத்தமே இரண்டு கோல், இரண்டும் ஒரே இரவில். அது அதிர்ஷ்டமா? அதன்பிறகு ஏன் ஒன்றுகூடப் போடவில்லை? 2004-இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றவர் மறுபடி வந்தது சரிதானா? இத்தாலிய கிளப் யுவென்டஸில் வென்ற பட்டங்களில் இரண்டைப் பறித்துவிட்டார்களே, அவற்றைக் கணக்கில் சேர்க்கலாமா?

முகுந்தன்

அன்புள்ள முகுந்தன்,

பின்வரிசை, அதாவது கோலுக்கு முன் நிற்கும் தடுப்பாளர் நால்வர், எந்த நேரத்தில், யாரால் குலைகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில்.

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 2004-05, 2005-06 பட்டங்கள் போனது நிர்வாகத்தில் இருந்தவர்கள் செய்த காரியத்தால். துராமின் கால்களுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. 2001-02, 2002-03 பட்டங்களை யாரும் தொடவில்லை, அவை போதும். திரும்பி வந்தது சரியா என்றால், 2006-இல் 34 வயதில், கலாஸுக்குப் பக்கத்தில் சென்டர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாளராக, நின்று இறுதிப்போட்டி வரை போனார். அந்த உலகக்கோப்பையின் ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கியது மூன்று கோல், அதில் ஒன்று பெனால்டி. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

இனி அந்தக் காணொளி. எந்த நிமிடத்திலிருந்து ஓட்டுகிறீர்கள்? 47-ஆவது நிமிடத்திலிருந்து என்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பிள்ளைக்குப் பரிமாறுகிறீர்கள். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் போங்கள். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதும் குரோஷியாவின் அசானோவிச் பந்தைப் பின்வரிசைக்குள் நுழைக்கிறார். அவர்களது ஸ்ட்ரைக்கர் ஷூக்கர் அதை எடுத்து பிரான்ஸ் கோல்கீப்பர் பார்த்தேஸைத் தாண்டி அடிக்கிறார். அங்கே நிறுத்துங்கள். பந்து அசானோவிச்சின் காலை விட்டுக் கிளம்பும் சட்டகத்துக்கு வாருங்கள். பின்வரிசையில் மற்றவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். ஒரே ஒருவர் கீழே தங்கியிருக்கிறார். பந்து கிளம்பும்போது எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. ஷூக்கரை அப்படி ஆகாமல் காப்பாற்றியவர் அவர்தான். பெயர் லிலியன் துராம்.

1998 உலகக்கோப்பையில் பிரான்ஸ் மொத்தம் வாங்கியது இரண்டு கோல். ஒன்று டென்மார்க்கின் மைக்கேல் லாட்ரப் அடித்த பெனால்டி, மற்றது இது. ஓடும் ஆட்டத்தில் ஏழு போட்டிகளுக்கும் சேர்த்து அந்தப் பின்வரிசை திறந்தது ஒரே முறை. அந்தக் கதவைத் திறந்து வைத்தவர் அவர். இதை அவரைக் குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. ரைட் பேக் ஆடும் ஒரு பையனுக்கு உலகத்திலேயே பயனுள்ள ஒற்றைச் சட்டகம் இதுதான். அதை வெட்டி எறிந்துவிட்டுக் கோலை மட்டும் காட்டுகிறீர்களே என்றுதான் கோபம்.

ஏன் பின்தங்கினார்? என் கணிப்பைச் சொல்கிறேன். அந்த சீசன் முழுக்க இத்தாலியின் பார்மா கிளப்பில் கன்னவாரோவுடன் அவர் ஆடியது சென்டர் பேக். பயிற்சியாளர் ஜாக்கேயின் பிரான்ஸ் அணியில்தான் ரைட் பேக். சென்டர் பேக்குக்கு ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு: ஜோடி ஆள் முன்னேறி ஸ்ட்ரைக்கரை நெருங்கினால், தான் இரண்டு மூன்று எட்டு பின்வாங்கி அவருக்குக் காவல் நிற்பது. நடுவில் நின்று செய்தால் அது காவல். ஓரத்தில் நிற்பவர் அதையே செய்தால் எதிரணி முழுவதற்கும் அனுமதிச்சீட்டு. 1990-இல் விதி மாறிய பிறகு கடைசிக்கு முந்தைய ஆளுக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு இல்லை. ஆகவே தங்கிவிட்ட ஒரு எட்டுக்கும் விலை உண்டு.

பையனுக்கு இதை எப்படிச் சொல்வது? ஏறுவதா இறங்குவதா என்பதைப் பந்து வைத்திருப்பவனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவன் தலை நிமிர்ந்திருக்கிறது, அருகில் நெருக்க ஆளில்லை, காலைப் பின்னுக்கு இழுக்கிறான் என்றால் நால்வரும் இறங்க வேண்டும். அவன் முதுகைத் திருப்பியிருக்கிறான், அல்லது பந்தைப் பின்னால் தள்ளுகிறான் என்றால் நால்வரும் நாலைந்து மீட்டர் ஏற வேண்டும். சில நேரம் தவறான முடிவை எடுத்தாலும் நால்வரும் சேர்ந்து எடுத்தால் பிழைத்துவிடலாம். மூவர் சரியாகவும் ஒருவர் வேறாகவும் செய்யும்போதுதான் கோல் விழுகிறது.

ஓரத்து ஆளுக்கு இன்னொரு சிக்கல். அவன் பந்தைப் பார்க்கிறான், தன் ஓரத்தில் தாக்கவரும் எதிரணி விங்கரைப் பார்க்கிறான், தன் வரிசையைப் பார்ப்பதில்லை. நெஞ்சை நேரே எதிரணி கோலுக்குக் காட்டி நின்றால் பக்கத்துச் சென்டர் பேக் கண்ணிலேயே படமாட்டார். முதுகைப் பக்கக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, இடது காலைச் சற்றுப் பின்வைத்து, அரைத்திருப்பத்தில் நிற்கச் சொல்லுங்கள். பந்தும் வரிசையும் ஒரே பார்வையில் விழும். பந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இடதுதோள் பக்கம் ஒரு பார்வை. பாஸ் ஓடும் அந்த ஒரு நொடியில் பந்தை யாரும் எதுவும் செய்துவிட முடியாது, அதுதான் திரும்பிப் பார்க்க நேரம். வரிசை அதிகம் குலையும் நேரங்கள்: இடைவேளைக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்கள், கார்னரை அடித்து வெளியேற்றியவுடன், மாற்று ஆட்டக்காரர் இறங்கியவுடன்.

கோலையும் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. 47-ஆவது நிமிடத்தில் குரோஷியாவின் போபன் தன் பெனால்டி பகுதிக்கு அருகே பந்தை வைத்துக்கொண்டு தாமதிக்கிறார். துராம் போய்ப் பிடுங்குகிறார். சக வீரர் ஜோர்காயெஃபுக்குக் கொடுத்து ஓடுகிறார், பந்து திரும்பி வருகிறது, அடிக்கிறார். உங்கள் மகன் பார்ப்பது அடியை. பார்க்க வேண்டியது பிடுங்கலை. தன்னை நோக்கி வரும் ஆளிடம் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, முழங்காலை மடித்து, காத்திருக்க வேண்டும். பாய்ந்தால் கடந்துவிடுவான். ஆனால் தன் கோலுக்கே முகம் காட்டித் தடுமாறுபவனிடம் கை எட்டும் தூரத்துக்குப் போகலாம், அவனால் தாண்ட முடியாது. 70-ஆவது நிமிடத்து இடதுகால் அடி அழகு, மறுக்கவில்லை. அதிலும் பந்தை முதலில் வென்றெடுத்தவர் அவரே.

அதிர்ஷ்டமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது, இல்லையா? அந்த அணியில் ஓரத்தில் ஒட்டி ஆடும் விங்கர் தொடக்கத்தில் இல்லை. அகலம் கொடுக்க வேண்டியவர்கள் துராமும் இடது ஓரத் தடுப்பாளர் லிசராசுவும்தான். ஆக அவர் அங்கே இருந்தது வேலையின் பகுதி. உள்ளே போனது... சரி, கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏன் போடவில்லை என்று கேட்பது, வாசற்காவலர் ஏன் சமைக்கவில்லை என்று கேட்பது போல. 1994 ஆகஸ்ட் 17-இல் செக் அணிக்கு எதிராக ஜிதானோடு ஒரே நாளில் அறிமுகமாகி, 2008 வரை 142 முறை அவரை அழைத்தது கோலுக்காக அல்ல. பிரான்சுக்காக அதிக ஆட்டங்கள் என்ற அந்தச் சாதனையை முறியடித்தவரும் கோல் போடுபவர் அல்ல, ஒரு கோல்கீப்பர்: லோரிஸ், 2022-இல்.

பையனைத் திட்டாதீர்கள். 13 வயதில் மேலே ஏறி ஓடாதவன் ரைட் பேக்கே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். நான்கு பையன்கள், ஒருவருக்கொருவர் 8 மீட்டர் இடைவெளி, இடையில் கயிறு. முன்னால் 20 மீட்டரில் நீங்கள் பந்தோடு. பந்தைக் காட்டினால் இறங்க வேண்டும், முதுகைத் திருப்பினால் ஏற வேண்டும். எந்தக் கயிறு விறைக்கிறதோ அங்கே ஆள் தங்கிவிட்டான். யாரும் பேசாமல் ஒரு சுற்று, பேசிக்கொண்டு ஒரு சுற்று. கயிற்றை இடுப்பில் கட்டவேண்டாம், கையில் பிடித்துக்கொள்ளட்டும். ஒருவன் விழுந்தால் மற்ற மூவரும் உடனே விட்டுவிடலாம்.