விபத்து நடந்த வீதியை விரைவாகவும் பாதுகாப்பாகவும் திறப்பது: கேள்வி பதில்

கேள்வி (கொடிகாமம்): ஏ9 வீதியில் இரவு வேளையில் லொறியொன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தால், முதலில் அங்கு போய்ச் சேருபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: காயப்பட்டவரிடம் ஓடவே எல்லோருக்கும் மனம் உந்தும், ஆனால் இருவர் ரோச் லைட்டுடன் இரு திசைகளிலும் நடந்து சென்று, வரும் வாகனங்களை மறிக்க வேண்டும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. சாரதி கண்டுணர்ந்து பிறேக்கை மிதிக்க 2 செக்கன் சென்றாலே 39 மீற்றர் கடந்துவிடும், நனைந்த வீதியில் அதன் பின்னர் நிற்பதற்கு இன்னும் கூடிய தூரம் வேண்டும். ஆகவே எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியின் காலடியில் வைப்பதில் பயனில்லை. 100 மீற்றருக்குக் குறையாமல் வைத்து, வாகன வரிசை நீள நீள அதையும் பின்னுக்கு நகர்த்த வேண்டும். அடுத்த மோதலை நான் எப்போதும் அஞ்சுவது வரிசையின் கடைசியில்தான்.

கேள்வி (சாவகச்சேரி): காயப்பட்டவரை ஓட்டோவில் ஏற்றலாமா?

பதில்: 1990 ஐ அழையுங்கள், இந்த இலவச அம்புலன்ஸ் வடமாகாணத்திலும் இயங்குகிறது. தீப்பற்றும் அபாயம் இருந்தாலன்றி, கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை இழுத்துத் தூக்க வேண்டாம்.

கேள்வி (பளை): பொலிஸார் வரும்வரை எதையும் அசைக்கக் கூடாது என்பதால் வீதி மணிக்கணக்கில் அடைபடுகிறதே?

பதில்: ஒருவர் காயப்பட்டிருந்தால் அந்தக் கட்டுப்பாடு அவசியமானதே. ஆனால் பொலிஸார் வந்து சக்கரங்களின் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, எல்லாப் பக்கமும் படமெடுத்த பிறகும் வாகனத்தை நடுவீதியில் விட்டுவைக்கத் தேவையில்லை. தாமதம் பெரும்பாலும் சுமை லொறியில் ஏற்படுகிறது: மூட்டைகளை இறக்காமல் கிறேனால் தூக்கினால் சுமை சரிந்து வண்டி மீண்டும் புரளக்கூடும், ஆகவே இறக்கும் ஆட்களையும் இன்னொரு லொறியையும் கிறேனுடன் சேர்த்தே அழைக்க வேண்டும். சிந்திய டீசலின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அது மிதந்து பரவும். மணலோ மரத்தூளோ தூவிக் கூட்டி அள்ளிய பின்னரே வீதியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரர் சறுக்கி விழுவார்.

கேள்வி (கிளிநொச்சி): ஆனையிறவில் வீதி அடைபட்டால் மாற்றுவழி உண்டா?

பதில்: உண்டு. இருபுறமும் நீரேரி இருப்பதால் ஆனையிறவுக்கு வந்து சேர்ந்த பஸ்ஸுக்கு விலக இடமில்லை. யாழ்ப்பாணம் செல்பவற்றைப் பரந்தனிலேயே திருப்பி, பூநகரி வழியாக, 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து நாவற்குழிக்கு விட வேண்டும். தெற்கே செல்பவற்றை நாவற்குழியில் திருப்ப வேண்டும். எனவே வீதி அடைபட்டது தெரிந்தவுடனேயே அந்த இரண்டு சந்திகளுக்கும் ஆட்களை அனுப்புங்கள்.