காட்டுத்தீ பரவுவதைக் கணினியில் போலியாக ஓடவிட்டால் வீட்டின் ஆபத்து தெரியுமா?

ஓரளவு தெரியும். காய்ந்த புல், காற்று, மலைச்சரிவு ஆகியவற்றைக் கொடுத்தால் தீ பரவும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடுகளை அமெரிக்கத் தீ ஆய்வாளர் ராதர்மெல் 1972-இல் வெளியிட்டார். ஃபார்சைட் போன்ற மென்பொருள்கள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அவை காட்டுக்கானவை. வீடுகள் நிறைந்த இடத்தை எரியாத நிலமாகவே கணக்கில் எடுக்கும். என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான்.

2018-இல் 85 பேரைப் பலிகொண்ட கலிபோர்னியாவின் ‘கேம்ப்’ காட்டுத்தீயை எடுத்துக்கொள்ளுங்கள். பாரடைஸ் நகரில் பல வீடுகள் சாம்பலாகின, பக்கத்து மரங்களோ பச்சையாக நின்றன. காற்றில் வந்த தீக்கங்குகளும் அடுத்த வீட்டின் அனலும்தான் காரணம். இதைப் பார்க்க, வெப்பத்தையும் புகையோட்டத்தையும் கணிக்கும் எஃப்டிஎஸ் போன்ற மென்பொருள்கள் வேண்டும்.

அப்புறம், ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். காற்றையும் ஈரப்பதத்தையும் மாற்றி ஆயிரக்கணக்கில் ஓட்டினால்தான் தீ வருவதற்கான நிகழ்தகவு கிடைக்கும். அதற்குக் காத்திராமல், சுவரை ஒட்டிய 5 அடிக்குள் கிடக்கும் சருகையும் விறகையும் இன்றே அகற்றிவிடுங்கள்.