செக் பயணம்: ஊற்றுநீர், சினிமா, பீர் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிராக்கில் தங்கி, ஒரே நாளில் ஊற்றுநீர் ஊரான கார்லோவி வாரியையும் பில்சன் பீர் ஆலையையும் பார்த்துத் திரும்பும் பாக்கேஜ் ஒன்றைச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். மூன்று ஊரும் வரைபடத்தில் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் பிராக்கிலிருந்து கார்லோவி வாரி சுமார் 130 கி.மீ.; பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து பில்சன், பில்சனிலிருந்து பிராக் என்று கூட்டினால் ஐந்து மணி நேரம் இருக்கையிலேயே போய்விடும். ஆலைச் சுற்று மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மிச்ச நேரத்தில் ஊற்றுக் குழாய்கள் இருக்கும் தூண் மண்டபத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எட்டு இரவு இருந்தால் பிராக் 3, பில்சன் 1, இன்னொரு ஊற்றுநீர் ஊரான மரியான்ஸ்கே லாஸ்னே 2, கார்லோவி வாரி 2 என்று பிரியுங்கள். பிராக்–பில்சன் ரயிலில் சுமார் ஒன்றரை மணி, பில்சன்–மரியான்ஸ்கே லாஸ்னே சுமார் ஒரு மணி. மரியான்ஸ்கே லாஸ்னேயிலிருந்து கார்லோவி வாரிக்குக் காட்டுக்குள் வளைந்து போகும் சின்ன ரயில் இருக்கிறது. 53 கி.மீ.தான், மெதுவாகத்தான் போகும், ஆனால் இந்தப் பயணத்தின் அழகான துண்டு அதுதான். நடுவில் பெச்சோவ் கோட்டையில் இறங்கினால் திருப்பண்டங்கள் வைத்த புனித மௌருஸின் பொற்பேழையைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் கோட்டைச் சிற்றாலயத்தின் தரைக்கடியில் புதைக்கப்பட்ட அதை 1985-இல் காவல்துறைதான் தோண்டி எடுத்தது.

கார்லோவி வாரியிலிருந்து பிராக் திரும்பும்போது மட்டும் பேருந்து. ரயில் வடக்கே உஸ்தி வழியாகச் சுற்றுவதால் மூன்று மணி நேரம் தாண்டும்.

ஊற்றுநீரை யார் வேண்டுமானாலும் குடிக்கலாமா? எவ்வளவு?

குழாய்கள் பொதுவானவை, காசு கேட்கமாட்டார்கள். ஆனால் அது தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீர் இல்லை. கார்லோவி வாரியின் பெரிய ஊற்றான வ்ர்ஷீட்லோ சுமார் 73 டிகிரி செல்சியஸில் பீய்ச்சி அடிக்கிறது. 12 மீட்டர் வரை எழும். லிட்டருக்குச் சுமார் 6 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் குளோபர் உப்பும் உண்டு, அதாவது பேதி உப்பு.

கைப்பிடியே உறிஞ்சு குழாயாக இருக்கும் பீங்கான் கோப்பை ஒன்றை வாங்குங்கள். அந்த வடிவம் அலங்காரத்துக்கு அல்ல. நீர் சிறுகச் சிறுக வரும், பல்லில் அதிகம் படாது. பாதிக் கோப்பை பிடித்து, காலை உணவுக்கு முன், நடந்துகொண்டே மடக்கு மடக்காகக் குடியுங்கள். ருசி பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு மூன்று ஊற்றுகளில் சில மடக்குகள் போதும். சூடு குறைந்த ஊற்றுகளில் கரியமில வாயு கூடுதலாகத் தங்கியிருக்கும், வயிற்றை இளக்குவதும் அவைதான் அதிகம். ‘ஆறியது சாது’ என்று நினைத்து முழுக்கோப்பை குடித்துவிட்டு இரண்டு மணி நேரப் பேருந்தில் ஏறுவது சுற்றுலாக் குழுக்களில் வழக்கமாக நடக்கும் தவறு. சில்லறை நாணயங்களும் கையில் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் கட்டணம் உண்டு.

இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்கள் சோடியத்தை நினைத்து, ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. பாட்டிலில் பிடித்து ஊருக்குக் கொண்டுவரவும் வேண்டாம். வாயு வெளியேறிச் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். அந்தப் படிவில்தான் காகித ரோஜாவை ஊறவைத்துக் கல் ரோஜாவாக்கி விற்கிறார்கள். நினைவுப்பொருளாக அதை வாங்கலாம். மரியான்ஸ்கே லாஸ்னேயின் ஊற்றுகள் குளிர்ந்தவை, பலவற்றில் இரும்புச் சுவை தூக்கலாக இருக்கும்.

ஸ்பா குளியலுக்கு என்ன உடை? கூச்சமாக இருக்கிறது. (திருச்சி வாசகி)

தொட்டிக் குளியல் தனி அறையில்தான். பணியாளர் வந்து நீரை நிரப்பி, நேரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். நீச்சலுடை போதும், ஆனால் கரிமண் சிகிச்சைக்குப் பழைய உடையாக இருக்கட்டும், கறை போகாது. வெள்ளி நகைகளைக் கழற்றிவிடுங்கள். சானாவில் உடையின்றி, துண்டோடு இருப்பதுதான் பல இடங்களில் விதி. பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கரியமில வாயுக் குளியலில் தோல் சிவக்கும், சின்னக் குமிழிகள் உடம்பெல்லாம் ஒட்டும். இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிறகு 20 நிமிடம் போர்த்திப் படுக்கச் சொல்வார்கள், அதைத் தவிர்க்காதீர்கள். அன்று பீர் சுற்றும் வைத்திருந்தால் இரண்டில் ஒன்றை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

திரைப்பட விழா நேரத்தில் போவது நல்லதா?

சினிமாவுக்காகவே போகிறவர்களுக்கு ஆம், ஓய்வுக்குப் போகிறவர்களுக்கு இல்லை. விழா 1946-இல் தொடங்கியது. 1959 முதல் 1993 வரை மாஸ்கோ விழாவோடு முறை வைத்து, ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடந்தது. இப்போது ஆண்டுதோறும் ஜூலைத் தொடக்கத்தில். மையம் தெர்மல் ஹோட்டல். 1970-களின் கான்கிரீட் கட்டடம், ஊரின் கேக் போன்ற மாளிகைகளுக்கு நடுவே பிடிவாதமாக நிற்கிறது. படங்களுக்கு ஆங்கில வசனவரி இருக்கும். அறை வாடகை எகிறும், பல மாதம் முன்பே பதிவு செய்யாதவர்களுக்கு ஊருக்குள் இடம் கிடைப்பது கஷ்டம். 12 கி.மீ. தள்ளி லோக்கெட்டில் தங்கலாம். ஆனால் இரவுக் காட்சிக்குப் பின் பேருந்து இருக்காது, டாக்ஸிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

விழா இல்லாத மாதங்களிலும் சினிமா இருக்கிறது. 2006-இல் வந்த ‘கசினோ ராயல்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் மான்டெனெக்ரோ என்று காட்டியது இந்த ஊரைத்தான். படத்தின் ஹோட்டல் இங்குள்ள கிராண்ட் ஹோட்டல் பூப். சூதாட்ட விடுதியின் முகப்பு 1895-இல் கட்டிய பேரரசர் குளியல் மாளிகை. லோக்கெட்டின் சதுக்கமும் அதில் வருகிறது. லோக்கெட் என்றால் முழங்கை. ஒஹ்ரே ஆறு ஊரை அப்படி மடக்கிக்கொண்டு ஓடுகிறது. பிராக்கில் எஸ்டேட்ஸ் அரங்கத்தை விடாதீர்கள். மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ 1787-இல் முதன்முதலில் மேடையேறிய அதே அரங்கில்தான் அவரைப் பற்றிய ‘அமேடியஸ்’ படமும் எடுக்கப்பட்டது. ரஹ்மான் இசையமைத்த இந்திப் படம் ‘ராக்ஸ்டா’ரில் வரும் தெருக்களும் பிராக்தான்.

பீர் பட்டியலில் 10, 12 என்று போட்டிருக்கிறதே, அது ஆல்கஹால் சதவீதமா?

இல்லை. நொதிப்பதற்கு முன் மால்ட் கரைசலில் இருந்த கரைபொருளின் அளவு அது: 12 என்றால் 100 கிராமுக்கு 12 கிராம். அதில் எவ்வளவு நொதிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆல்கஹால். பத்து பொதுவாக 4 சதவீதத்தை ஒட்டியும் பன்னிரண்டு 5 சதவீதத்தை ஒட்டியும் வரும். பில்ஸ்னர் உர்க்வெல் பன்னிரண்டு வகைதான், ஆனால் 4.4 சதவீதம், சர்க்கரையில் ஒரு பங்கு நொதிக்காமல் தங்கி பீருக்குக் கெட்டித்தன்மையைத் தருகிறது.

பில்சனில் 1838-இல் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகரமன்றத்தின் முன் கொட்டினார்கள். அந்த எரிச்சலில் ஊரே சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோலை வரவழைத்தது. அவர் 1842 அக்டோபர் 5 அன்று காய்ச்சியதுதான் இன்று உலகெங்கும் பொன்னிற லாகர் வகைப் பீருக்கு மூதாதை. ஆலையின் அடியில் 9 கி.மீ. நீளத்துக்குப் பாதாள அறைகள் உண்டு. வெயில் காலத்திலும் உள்ளே குளிர்சாதனப் பெட்டி போலத்தான் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். முடிவில் ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீர் ஒரு கோப்பை தருவார்கள். மெதுவாகக் குடியுங்கள், கடைகளில் அது கிடைக்காது.

மதுக்கூடத்தில் நுரையைப் பார்த்து ‘அளவு குறைகிறது’ என்று சண்டை போடாதீர்கள். ஈரமான கெட்டி நுரை பீரைக் காற்றிலிருந்து காக்கிறது. வழக்கமாக ஊற்றும்போது நுரை மூன்று விரல் அளவு இருக்கும். கிட்டத்தட்ட முழுக்க நுரையாகவே ஊற்றும் ‘ம்லீகோ’ வகையும் உண்டு. பெயருக்குப் பால் என்று பொருள். மேசையில் வைக்கும் துண்டுச் சீட்டில் ஒவ்வொரு கோப்பைக்கும் கோடு போடுவார்கள். அதுதான் பில், கிறுக்கவோ கிழிக்கவோ கூடாது. காலியானதும் கேட்காமலே அடுத்தது வரும் இடங்களில், கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன் மேலே வைத்தால் ‘போதும்’ என்று அர்த்தம். வாடகைக் கார் ஓட்டுபவர் ஒரு மடக்குகூடக் குடிக்கக் கூடாது. சட்டப்படி அளவு பூஜ்யம்.

சைவம், மதுவும் இல்லை. பட்டினி கிடக்க வேண்டியதுதானா? (யாழ்ப்பாண வாசகர்)

இல்லை, ஆனால் விசாரித்துச் சாப்பிட வேண்டும். எல்லாப் பட்டியலிலும் இருக்கும் ‘ஸ்மாஜெனி சீர்’ பொரித்த பாலாடைக்கட்டி. மேல்மாவில் முட்டை உண்டு, கூடவரும் டார்ட்டர் சாஸிலும் உண்டு. ‘ப்ராம்போராக்’ என்ற உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை சேரும். சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் சுடுவார்கள். பூண்டு சூப் கேட்கச் சைவம்தான், கொதிப்பது பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில். ‘பெஸ் மாசா’, இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் ஹாம் துண்டு வரலாம். ஹாமையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பழம் வைத்த கொழுக்கட்டை ‘ஒவோட்ஸ்னே க்னெட்லீக்கி’ அங்கே முழுச் சாப்பாடாகவே உண்ணப்படுகிறது. பீருக்குப் பதிலாகக் கோஃபோலா, கோலா போன்ற உள்நாட்டுப் பானம். கார்லோவி வாரியின் வட்ட வேஃபரைச் சூடாக வாங்குங்கள். பெஹெரோவ்கா என்று மருந்து போல நீட்டினால் ஏமாறாதீர்கள், அது 38 சதவீத மது.

பக்கத்தில் யாக்கிமோவ் என்ற ஊரில் கதிரியக்க நீரில் குளிக்கிறார்களாமே?

ஆம், ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த நீர். 1906 முதல் நடக்கிறது. மருத்துவர் பரிந்துரையும் மேற்பார்வையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கிடையாது, வழிப்போக்கில் இறங்கிக் குளிக்கும் இடமும் இல்லை. ஆனால் சரித்திரத்துக்காக அரை நாள் ஒதுக்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் இங்கு வெட்டிய வெள்ளியில் அடித்த காசு, ஊரின் ஜெர்மன் பெயரான யோவாகிம்ஸ்தாலிலிருந்து தாலர் ஆனது; டாலர் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தது இந்தச் சுரங்கத்தின் கழிவிலிருந்து. 1950-களில் அதே சுரங்கங்களில் கம்யூனிஸ்ட் அரசு அரசியல் கைதிகளை யுரேனியம் வெட்ட வைத்தது. ஸ்பா விளம்பரங்களில் இது இருக்காது, வழிகாட்டியிடம் கேட்டால்தான் சொல்வார். 1945-க்குப் பின் இந்த ஊர்களின் ஜெர்மன் குடிகள் வெளியேற்றப்பட்டதையும் கேளுங்கள். கார்லோவி வாரியை கார்ல்ஸ்பாட் என்றும் மரியான்ஸ்கே லாஸ்னேயை மரியன்பாட் என்றும் பழைய ஜெர்மன் பெயர்களில் புத்தகங்களில் காண்பது அதனால்தான்.

யூரோ போதுமா?

நாணயம் கொருனா. தெருவில் மாற்றித் தருவதாக வருபவரிடம் வாங்காதீர்கள். ஏ.டி.எம். ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்டால் மறுத்துக் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். நாணய மாற்றுக் கவுண்டரில் மோசமான விகிதம் தந்திருந்தால் ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்யலாம். 1,000 யூரோ மதிப்பு வரை சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஸ்பா ஊர்களில் இரவுக்கு 50 கொருனா வரை தங்கல் வரி தனியாக வரலாம்.

விசா விண்ணப்பத்தில் ஸ்பா என்று போட்டால் மருத்துவ விசாவா?

உடல்நலச் சிகிச்சை என்று குறித்தால் மருத்துவமனைக் கடிதம் கேட்பார்கள். விடுமுறைதான் என்றால் ‘சுற்றுலா’ என்றே குறியுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை, அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும்; வியன்னா 2 இரவு, செக் 8 இரவு என்றால் செக். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்வரை இழுத்தடிக்கக் கூடாது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. குழுப் பயணத்தில் ஹோட்டல் உறுதிச்சீட்டு நிறுவனத்தின் பெயரில் மட்டும் வந்தால் உங்கள் பெயருள்ள பட்டியலையும் கேட்டு வாங்கி இணையுங்கள்.

பிராக்குக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-இல் பிராக்கில் பிறந்தவர். அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 1968-இல் சோவியத் படைகள் புகுந்தபின் நாட்டை விட்டுப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தை 1348-இல் நிறுவிய நான்காம் சார்லஸின் பெயரைத்தான் கார்லோவி வாரியும் தாங்கி நிற்கிறது. கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில், யான் பாலாஹ் சதுக்கத்தில் இருக்கிறது. படையெடுப்புக்குப் பின் நாடு அடங்கிப்போவதைப் பொறுக்காமல் 1969 ஜனவரியில் தீக்குளித்த அந்தப் புலத்து மாணவர்தான் பாலாஹ். பழைய நகரச் சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை.