ரான்பாக்சி ஊழியர்களின் சந்தேகம்

கேள்வி: இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்சியின் வீழ்ச்சியை அதன் ஊழியர்கள் முன்பே உணர்ந்திருந்தார்களா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: சிலராவது உணர்ந்திருந்தார்கள். மருந்துகளின் பரிசோதனைத் தரவுகள் உண்மையானவைதாமா என்று 2004-ஆம் ஆண்டில் ஆராய்ந்த அந்நிறுவன அதிகாரி தினேஷ் தாக்கூர், அவற்றுள் பல புனையப்பட்டவை என்று கண்டறிந்து மேலிடத்துக்குத் தெரிவித்தும், உரிய நடவடிக்கை எடுக்கப்படாததால் 2005-இல் பதவி விலகி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விவரங்களைக் கொண்டு சென்றார். உள்ளிருப்பவரின் ஐயத்தை நிர்வாகம் விசுவாசக் குறைவாக எண்ணிவிடுவது நம் நிறுவனங்களில் புதிதன்று.

2008-இல் ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோ நிறுவனம் ரான்பாக்சியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க ஒப்புக்கொண்ட சில மாதங்களிலேயே, பாவன்டா சாகிப், தேவாஸ் ஆலைகளில் தயாரான முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு அமெரிக்கா தடை விதித்தது. உண்மைகளை மறைத்துத் தம்மிடம் விற்றதாக, முன்னாள் உரிமையாளர்களான சிங் சகோதரர்கள் மீது அந்த ஜப்பானிய நிறுவனமே வழக்குத் தொடுத்து, 2016-இல் சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில் வென்றது என்றால், சாதாரண ஊழியரின் சந்தேகத்தை எப்படிக் குறை சொல்வது?

2013-இல் ரான்பாக்சியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது. செலுத்த வேண்டியிருந்த மொத்தத் தொகை 50 கோடி டாலர். 2015-இல் நிறுவனம் சன் ஃபார்மாவுடன் இணைந்தது.