நிற்க முடியாத அம்மாவுக்கு இன்ச் டேப் போதும்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. வலது இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நிற்க முடியவில்லை, எடை பார்க்க வழியில்லை. கூனும் விழுந்துவிட்டது. சாப்பாடு குறைந்து, ரவிக்கைக் கை தொளதொளவென்று இருக்கிறது. சத்துக்குறைவா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ரவிக்கைக் கை தளர்ந்ததைக் கவனித்தீர்களே, அளக்க வேண்டிய இடமும் அதுதான். கூன் விழுந்தவர்களுக்கு உயரம் குறைந்துவிடுவதால், உயரத்துக்கு எடை போதுமா என்று சொல்லும் பி.எம்.ஐ. கணக்கு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

இன்ச் டேப் எடுங்கள். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். அம்மாவின் இடது முழங்கையை ‘ட’ வடிவில் மடக்கி, தோள்பட்டையின் மேல்முனை எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவே பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்த இடத்தில் சுற்றி அளக்க வேண்டும். டேப் தோலில் படிய வேண்டும், சதையை அமுக்கக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். இறுக்கினால் அளவு குறைந்துவிடும். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பி.எம்.ஐ. 20-ஐ விடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். கை அளவு 21 செ.மீ.க்குக் கீழே போயிருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது கெண்டைச்சதை. முறிவு இல்லாத இடது காலில், முழங்காலை மடக்கி, டேப்பை மேலும் கீழும் நகர்த்தி மிகப் பருத்த இடத்தை அளங்கள். 31 செ.மீ.க்குக் கீழே என்றால் சத்துக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். தசை இழப்பைக் கண்டறிய ஆசிய வல்லுநர் குழு 2019-ல் வைத்த வரம்பு இன்னும் கூடுதல்: பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34. ஆனால் அளப்பதற்கு முன் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து நின்றால் அது நீர்வீக்கம். காலின் அளவை நம்ப முடியாது. படுக்கையில் இருப்பவர்களுக்கு நடமாட்டம் இல்லாததாலேயே கெண்டைச்சதை வற்றும் என்பதால், உங்கள் அம்மாவுக்குக் கை அளவையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை அதே கை, அதே புள்ளி, முடிந்தால் அளப்பவரும் ஒருவரே. கை அளவு 24-லிருந்து 21.6-க்கு வந்தால் பத்து சதவீதக் குறைவு. எடையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கியிருக்கும்.

குறைகிறது என்று தெரிந்ததும் புரோட்டீன் பவுடர் வாங்க ஓடாதீர்கள். பல், விழுங்கும்போது இருமல், மனச்சோர்வு, பசியைக் கெடுக்கும் மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். குறித்துவைத்த அளவுகளோடு மருத்துவரைப் பாருங்கள். 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும்.